மூன்றாவது குழிச் சாம்பல்

மெய்யநாதன் டாக்டரின் ஆஸ்பத்திரியில் எத்தனை ஊசி இருக்கிறது என்று கேட்டால் டாக்டருக்குத் தெரியாது. நர்ஸ் நாகவல்லி அலமாரியைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தைரியநாதன் மட்டும் கையிலிருக்கிற வேலையை விடாமலே சொல்வார்: நாற்பத்தெட்டு.

முனை மழுங்கினால் கல்லில் தேய்த்துக் கூராக்குவார். அடைத்துக்கொண்டால் மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுப்பார். கொதிநீரிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணித்தான் தட்டில் வைப்பார். ஒருமுறை நாற்பத்தேழுதான் வந்தது. மத்தியானச் சோற்றுக்குப் போகாமல் ஆபரேஷன் தியேட்டர் தரையில் மண்டியிட்டு மூலைமூலையாகத் தடவினார். கடைசியில் அது டாக்டரின் ரப்பர் செருப்படியில் குத்திக்கொண்டு இருந்தது.

"ஏன் தைரியம், ஒரு ஊசி போனா ஆஸ்பத்திரிய மூடிருவமா?" என்று டாக்டர் சிரித்தார்.

"யாரு கையிலயாச்சும் கால்லயாச்சும் ஏறிருச்சுன்னா என்னய்யா பண்றது?" என்றார் தைரியநாதன். அவர் சிரிக்கவில்லை.

அரியக்குடி போகிற ரோட்டில், மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பின்னால் இருக்கிற தெருவில் அவர் வீடு. எட்டாவது வரை படித்தவர். எழுபத்துநாலில் கூட்டிப் பெருக்க வந்தவரை டாக்டர் மெல்ல மெல்லத் தியேட்டருக்குள் இழுத்துக்கொண்டார். காரைக்குடியில் அவருக்குத் 'தியேட்டர் தைரியம்' என்றே பெயர். விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள் சினிமாக் கொட்டகையில் வேலை என்று நினைத்து, பொங்கலுக்கு என்ன படம் போடுகிறீர்கள் என்று கேட்பார்கள். வயிற்றைக் கிழிக்கிற படம் என்பார்.

அன்றைக்கெல்லாம் ஆபரேஷன் என்றால் துணியும் தண்ணீரும் நெருப்பும்தான். ஒரு வயிற்று ஆபரேஷன் முடிந்தால் பச்சைத் துணி பதினாலு உருப்படி ரத்தத்தோடு தொட்டிக்கு வரும். முதலில் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும்; எடுத்த எடுப்பில் வெந்நீரில் போட்டால் ரத்தம் நூலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சலவை சோடாவில் அலசி, அண்டாவில் வேகவைத்து, வெயிலில் காயப்போட்டு, மடித்து, எவர்சில்வர் டிரம்முக்குள் அடுக்கி ஆவி பிடிக்க வேண்டும். கையுறையைக் கழுவி, வாயால் காற்று ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்து, மாவு பூசி வைக்க வேண்டும். ஒரு ஆபரேஷனுக்கு இருபது குடம் தண்ணீர் போகும். ஒரு கட்டுக் கருவேல விறகு எரியும். சோடா அரித்து அரித்து அவருடைய நகக்கண்கள் எப்போதும் வெடித்தே இருக்கும். ஆனால் இவ்வளவுக்கும் பிறகு ஆஸ்பத்திரியின் பின்பக்கத்துக் குழிக்குப் போவது இரண்டு கைப் பஞ்சும் கொஞ்சம் கட்டுத்துணியும்தான்.

உடம்பிலிருந்து எடுத்த சதையை அவர் குழியில் போடமாட்டார். மதில் ஓரம் நின்ற புங்கமரத்தடியில் ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பார். புதைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டு ஒரு சின்ன ஜெபம் சொல்வார்.

"ஏண்ணே, இந்துவுக்கும் அந்த ஜெபந்தேன், பாய்க்கும் அந்த ஜெபந்தேனா?" என்று நாகவல்லி வம்புக்கு இழுப்பாள்.

"மண்ணுக்குத் தெரியுந்தாயி. அது பிரிச்சு வச்சுக்கிரும்."

எரிக்கிற குழிகள் மூன்று. ஒன்றில் ஒரு வருஷம் எரிப்பார். நிறைந்ததும் மண் தள்ளி மூடிவிட்டு அடுத்ததற்குப் போவார். இப்படிச் சுற்றி வரும்போது மூன்றாவதாக ஒரு குழி எப்போதும் ஆறிப் பக்குவமாகிக் கிடக்கும். அதைத் திறந்தால் சாம்பலும் மண்ணும் கலந்து, சலித்த மாவு மாதிரி விரலிடுக்கில் வழியும். துணி, பஞ்சு எதுவும் அடையாளம் தெரியாது. எது பக்குவமான குழியோ அதற்குத்தான் அவர் வீட்டில் 'மூணாவது குழி' என்று பெயர். அந்தச் சாம்பல் முழுக்க அடைக்கலமேரிக்குச் சொந்தம்.

அடைக்கலமேரி அவர் மனைவி. கண்மாய்க் கரைக்குக் கீழே பத்து சென்ட் குத்தகைக்குப் பிடித்துக் கத்தரி போட்டிருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, மூணாவது குழியை அள்ளிக் கொண்டுபோய்ச் செடிக்குச் செடி வைப்பாள். பூச்சி அண்டாது, காய் பளபளவென்று இருக்கும். சந்தையில் அவள் கூடையை இறக்குவதற்கு முன்பே ஆச்சிமார் வந்து நின்றுகொள்வார்கள். மகள் வின்சியை அந்தக் கத்தரிக்காய்தான் பிளஸ் டூ வரை படிக்கவைத்தது. திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்ததும் அதுதான்.

பக்கத்து வீட்டுக் காளியாயிக்கு வாய் சும்மா இருக்காது. "ஆசுபத்திரிச் சாம்பல்ல வெளைஞ்ச கத்தரிக்காயத் தின்னவுக ஒருத்தரும் ஆசுபத்திரிப் பக்கமே போறதில்லையாம்ல. ஏன்டி மேரி, ஒம் புருசன் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போடுறியேடி!"

"போட்டது சாம்பல்டி, மண்ணு இல்ல" என்பாள் அடைக்கலமேரி. தோட்டத்தில் குனிந்துவிட்டால் அவளுக்கு வீடு வாசல் நினைவிருக்காது. செடியைத் தொட்டே எதற்குத் தண்ணீர் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்வாள். தைரியநாதனுக்கு வேலை விட்டு வரும்போது சைக்கிளைக் கரையில் நிறுத்திவிட்டு, அந்தப் பச்சைக்கு நடுவே அவளுடைய கை போய் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு பழக்கம்.

தொண்ணூற்றைந்து கார்த்திகையில் அந்தக் கை நின்றது. விலாவுக்குக் கீழே பிடித்த வலி அவளைச் சுருட்டிப் போட்டது. பித்தப்பையில் கல்.

மெய்யநாதன் டாக்டர் இருவரையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார். "ரெண்டு வழி இருக்கு. நான் பண்ணினா வயித்த இம்புட்டு நீளத்துக்குத் திறக்கணும். மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாது. இல்லேன்னா மதுரையில இருந்து ஒரு டாக்டர் மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை இங்க வாராரு. நாலே நாலு துளை. உள்ள கேமராவை விட்டு டி.வி.யில பாத்தே எடுத்துருவாரு. மூணாம் நாள் வீட்டுக்குப் போயிரலாம்."

"கொடம் தூக்கலாமாய்யா?" என்றாள் அடைக்கலமேரி.

"ஒரு மாசத்துல தூக்கலாம்."

"அப்பத் தொளையே போடச் சொல்லுங்கய்யா. நாத்து நட்டு இருவது நாளுதேன் ஆகுது. மூணு மாசம் படுத்தேன்னா செடி எனக்கு முன்னாடி போய்ச் சேந்துரும்."

தைரியநாதன் இருபத்தோரு வருஷத்தில் எத்தனையோ வயிறு திறப்பதைப் பார்த்தவர். அவள் வயிறு திறப்பதைப் பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவள் பழையபடி தோட்டத்தில் கை வைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மதுரை டாக்டர் வேனில் பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவந்தார். வயிற்றுக்குள் காற்றை ஏற்றினார்கள், நாலு குழாய் இறங்கியது, டி.வி.யில் செக்கச்செவேல் என்று ஒரு உலகம் தெரிந்தது. பெண்டாட்டியின் ஈரலை டி.வி.யில் பார்த்த முதல் ஆள் காரைக்குடியில் தான்தான் என்று பின்னால் அவர் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எல்லாம் முடிந்து வழக்கம்போல அவர் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டார். மதுரை டாக்டரோடு வந்த பையன் ஓடிவந்தான்.

"அண்ணே, என்ன பண்றீங்க? அதெல்லாம் கழுவ வேண்டாம். தூக்கிப் போட்டுருங்க."

"எதை?"

"எல்லாத்தையும்."

நீல நிறத்தில் துணியுமில்லாமல் தாளுமில்லாமல் ஒரு விரிப்பு. நடுவில் மட்டும் சதுரமாக ஓட்டை. குழாய், கைப்பிடி, கையுறை, ஊசி, மருந்துக் குழல், ஒவ்வொன்றையும் சுற்றியிருந்த கவர். இரண்டு கூடை வந்தது. விரிப்பில் ஒரு ஓரத்தில்தான் ஏதோ கறை. நன்றாயிருக்கிற பொருளை எறிகிறோமே என்று அவருக்குக் கை வரவில்லை. ஆனாலும் கொண்டுபோய்க் குழியில் கொட்டித் தீ வைத்தார். துணி எரிகிற புகை அவருக்குத் தெரியும். வெள்ளையாக எழுந்து புங்கமரத்தைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடும். இது கறுப்பாகத் திரண்டு ஆஸ்பத்திரிக் கூரைமேலேயே உட்கார்ந்துகொண்டது.

பித்தப்பையைப் புங்கமரத்தடியில் புதைத்தார். எத்தனையோ பேருக்குச் சொன்ன ஜெபம் அன்றைக்கு வாயில் வரவில்லை. "மிச்சத்தைப் பத்திரமா வச்சுக்கத் தாயே" என்று மாதாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

தழும்பு பார்க்க வந்த காளியாயி நாலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "இதுக்கா மதுரையில இருந்து வண்டி கட்டிக்கிட்டு வந்தாக? எங்க வீட்டுக் கொசு இதைவிடப் பெருசாக் கடிக்குமேடி!" என்றாள். அடைக்கலமேரி சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இருபதாம் நாள் அவள் தோட்டத்தில் இருந்தாள். செடி ஒன்றுகூடச் சாகவில்லை. மறுநாள் தைரியநாதன் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். ஏன் என்று டாக்டர் கேட்கவில்லை.

அந்த வருஷக் கோடையில் ஆஸ்பத்திரிக் கிணறு வற்றியது. லாரித் தண்ணீர் நோயாளிகள் குடிக்கவே போதவில்லை. துணி துவைக்க இருபது குடத்துக்கு எங்கே போவது? இனிமேல் எல்லா ஆபரேஷனுக்கும் தூக்கிப்போடுகிற சாமான்தான் என்று டாக்டர் முடிவு செய்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீர் மிச்சமானது, விறகு மிச்சமானது. தைரியநாதனுக்கும் சந்தோஷம்தான். இரண்டே மாதத்தில் நகக்கண் வெடிப்பு ஆறிவிட்டது.

"ஒங்க கையா இது? பேங்க் மேனேசர் கையி மாதிரில இருக்கு" என்று அடைக்கலமேரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பழைய நாற்பத்தெட்டு ஊசியும் ஒரு துணியில் சுருட்டி அலமாரிக்குள் போயின. புதிய ஊசிகளை யாரும் எண்ணவில்லை. நூறு நூறாகப் பெட்டியில் வந்தன, ஒருமுறை குத்தின, கூடையில் விழுந்தன. கூடை குழிக்குப் போயிற்று. எரிந்தால் எல்லாம் சாம்பல்தானே என்று அவர் நினைத்தார். நெருப்பு பிளாஸ்டிக்கை உருக்கிக் கறுப்புப் பாளமாக்கியது. இரும்பை என்ன செய்தது என்று கிளறிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு வருஷத்துக்குத் தாங்கிய குழி இப்போது நாலே மாதத்தில் நிறைந்தது. அவர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த குழிக்குப் போனார். அதுவும் நிறைந்தது. அதற்கடுத்தது. குழியின் வரிசை ஒருநாளும் தப்பவில்லை. இருபது வருஷமாக வந்த வரிசை. காலம்தான் தப்பியது. மூன்று வருஷத்தில் சுற்றி வர வேண்டிய குழி, ஆறாமலே, ஒரு வருஷத்துக்குள் வந்து நின்றது. அவர் வருஷத்தை எண்ணவில்லை, குழியை எண்ணினார்.

தொண்ணூற்றேழு மாசியில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் முடிந்த சனிக்கிழமை, அடைக்கலமேரி கேட்டாள்: "மூணாவது குழி பக்குவமாயிருச்சா?"

"ஆயிருச்சு. வந்து அள்ளிக்க."

வந்தாள். கூடையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிளறினாள். தைரியநாதன் ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் போனபோது அங்கேயிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்குட்டு வந்து பாருங்க. சாம்பலு கட்டி கட்டியாக் கெடக்கு. ஊதாத் தாளெல்லாம் அப்புடியே இருக்கு."

ஸ்டிரெச்சரில் ஒரு வயதானவர் முனகிக்கொண்டிருந்தார். தைரியநாதன் திரும்பாமலே சொன்னார்: "கட்டிய ஒடச்சுப் போட்டுட்டு அள்ளு மேரி."

அவள் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டு அள்ளினாள். நாலு கூடை தோட்டத்துக்கு. காளியாயி சுரைக்கொடிக்குக் கேட்டாள் என்று அவளுக்கு இரண்டு கூடை.

அன்று பொழுது சாய அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது. "கையில முள்ளு ஏறிருச்சு."

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"மஞ்சளக் கொழச்சு வையி."

அவ்வளவுதான். வேலிக்கருவை முளைத்த ஊரில் முள் ஏறாத நாள் எது? அவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், நன்மை வாங்கப் போன வரிசையில் அவருக்கு முன்னால் அவள் நின்றாள். சாமியார் அப்பத்தை நீட்டினார். அவள் வாய் திறக்கவில்லை. சாமியார் காத்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் இரண்டு விரலால் தாடையைப் பிடித்துக் கீழே இழுத்து, அந்தச் சின்ன இடுக்கு வழியாக வாங்கிக்கொண்டாள். வெளியே வந்து, "பல்லு வலி போல" என்று பல்லுக்கிடையில் சொன்னாள்.

மெய்யநாதன் டாக்டர் அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். கழுத்தைத் தொட்டார். கட்டை போல இருந்தது.

"எங்கயாச்சும் காயம் பட்டுச்சா?"

அவள் வலது உள்ளங்கையை விரித்தாள். கட்டைவிரலுக்குக் கீழே எள்ளளவு ஒரு புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் கறை.

"என்ன குத்துச்சு?"

"முள்ளுய்யா" என்றார் தைரியநாதன்.

டாக்டர் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். சீட்டைக் கொடுக்கும்போதுதான் தைரியநாதன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ரணஜன்னி மாதிரி இருக்கு, டெட்டனஸ். உடனே கிளம்பு."

மாற்றுச் சேலை எடுக்க அவர் வீட்டுக்கு ஓடினார். எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் அடுப்படி நிலைக்கட்டையில் கண் பட்டது. அந்தத் தெருவில் முள்ளை எடுத்தால் யாரும் தரையில் எறியமாட்டார்கள். அடுத்தவர் காலில் ஏறிவிடும் என்று நிலையிலோ தூணிலோ குத்திவைப்பார்கள். அடைக்கலமேரியும் குத்திவைத்திருந்தாள். கறுப்பாக, லேசாக வளைந்து, அடியில் ஒரு பொட்டு உருகிய பிளாஸ்டிக்கோடு. நாற்பத்தைந்தைத் தாண்டிய கண்ணுக்கு, அடுப்படி இருட்டில், அது முள்ளாகத்தான் தெரிந்திருக்கும். தைரியநாதனுக்கு வாசலில் இருந்தே தெரிந்துவிட்டது. இருபத்துமூன்று வருஷம் ஊசி எண்ணிய கண்.

அதைப் பிடுங்கித் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மதுரையில் அவளை ஒரு தனி அறையில் போட்டார்கள். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லாக வளைந்து இழுக்கும். பேசக்கூடாது, தொடக்கூடாது, அழுவதென்றால் வெளியே போய் அழ வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். வின்சி திருப்பத்தூரிலிருந்து ஓடிவந்து வாசலோடு நின்று பார்த்துவிட்டு, துணியை வாயில் அடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

தைரியநாதன் அந்த இருட்டில் ஐந்து நாள் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு நினைவு தப்பவில்லை. கண் திறந்திருந்தது, அவரைப் பார்த்தது. சட்டைப் பையில் இருந்ததை அவளிடம் சொல்ல வேண்டும். அது முள்ளில்லை மேரி, நான்தான் அள்ளச் சொன்னேன், நீ கூப்பிட்டுக் காட்டினாய், நான் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த நாலு வார்த்தையைச் சொன்னால் அவள் முதுகு வளையும். சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். குத்திய அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய டி.டி. ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதற்கு ஐஸ் வாங்கிவருவதே அவர்தான்.

மூன்றாம் நாள் அவள் பல்லுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. குனிந்தார்.

"செடி."

"வின்சி தண்ணி ஊத்துறா" என்றார், மூச்சு மாதிரி. அந்த மூச்சுக்கே அவள் உடம்பு தூக்கிப் போட்டது. நர்ஸ் ஓடிவந்து அவரைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். வின்சி வராந்தாவில்தான் இருந்தாள். செடிக்கு யாருமே தண்ணீர் ஊற்றவில்லை. அடைக்கலமேரியிடம் அவர் கடைசியாகச் சொன்னது ஒரு பொய்.

ஆறாம் நாள் காலையில் அந்த முறுக்கெல்லாம் தளர்ந்தது. கை மறுபடி மெத்தென்று ஆனது. அப்போதுதான் அவரைத் தொட விட்டார்கள்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் தைரியநாதன் வேலைக்குப் போனார். டாக்டரின் மேசைமேல் தாளைப் பிரித்து வைத்தார். டாக்டர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"குழியிலயா?"

"ஆமாய்யா. மூணாவது குழின்னு சொல்லி நாந்தேன் அள்ளச் சொன்னேன். வருசத்தை எண்ணாமப் போயிட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் எதையுமே எண்ணலையே தைரியம்."

 அந்த மாதமே டாக்டர் எரிப்பதை நிறுத்தினார். ஊசி போட மூடி வைத்த சிமெண்டுத் தொட்டி கட்டினார். மறுவருஷம் அரசாங்கமே சட்டம் போட்டு, சிவப்புப் பை மஞ்சள் பை என்று வந்தது. அதிகாரி ஒருவர் வந்து எதை எதில் போட வேண்டும் என்று பாடம் எடுத்தார். தைரியநாதன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

மதுரை டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருந்தார். கானாடுகாத்தானிலிருந்து வந்த ஒரு கூலிக்காரப் பெண் நாலு துளையோடு மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனாள். தைரியநாதன் வாசல் வரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வித்தையை வெறுக்க அவருக்கு மனம் வரவில்லை. அடைக்கலமேரிக்கு ஒரு வருஷக் காய்ப்பைக் கொடுத்தது அது. மழை பெய்து கிணறு ஊறியதும் டாக்டரிடம் ஒன்று மட்டும் கேட்டார்: வயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷனுக்காவது பழையபடி துணி போடலாம், நான் துவைக்கிறேன் என்று. டாக்டர் சரி என்றார். கை மறுபடி வெடித்தது.

வேலைக்குப் போகுமுன்பும் வந்த பிறகும் அவர் மணல் சலிக்கிற சல்லடையோடு தோட்டத்தில் உட்கார்ந்தார். தண்ணீரில்லாமல் செடிகள் காய்ந்து குச்சியாக நின்றன. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அதன் தூரிலிருந்த மண்ணை அள்ளிச் சலித்தார். கண்ணாடித் துண்டு வந்தது, நீல விரிப்பின் கந்தல் வந்தது. ஊசி வந்தது.

"விட்டுருங்கப்பா. குத்தகையத் திருப்பிக் குடுத்துரலாம். இனி யாரு பாக்கப் போறா இந்தத் தோட்டத்த?" என்றாள் வின்சி.

"குடுத்துரலாந்தாயி. நாளைக்கு வேற ஒரு பொம்பள வந்து கை வைக்குமில்ல."

காளியாயி வீட்டுச் சுரைக்கொடிக்குப் போட்ட இரண்டு கூடையையும் வேரோடு பெயர்த்துச் சலித்தார். காய்த்துக்கொண்டிருந்த கொடி. காளியாயியே பக்கத்தில் நின்று தட்டுப் பிடித்தாள். ஆறு வாரத்தில் எல்லாமாக முப்பத்தொன்று. அதோடு நிலைக்கட்டையில் இருந்ததையும் சேர்த்து எண்ணி, சிமெண்டுத் தொட்டியில் போட்டு மூடினார்.

அடைக்கலமேரி போன அந்த வருஷ ஆடியிலேயே பத்து சென்டையும் காளியாயி கேட்டாள். சும்மா கிடப்பதற்கு நான் போட்டுக்கொள்கிறேன் என்றாள்.  அவள் நாற்று நட்டாள். சைக்கிளைக் கரையில் நிறுத்திப் பார்க்கிற பழக்கத்தை அவர் விட்டிருந்தார். வேறு வழியாகச் சுற்றிப் போனார்.

கார்த்திகையில் ஒருநாள் காலை காளியாயி முந்தானையில் முதல் காயைக் கட்டிக்கொண்டு வந்தாள். "மேரி காய் மாதிரி வராது. ஆனாலும் மொதக் காயி ஒங்களுக்குத்தேண்ணே" என்று முந்தானையை அவிழ்த்துத் தட்டில் கொட்டினாள்.

தைரியநாதன் காயைப் பார்க்கவில்லை.

"கையக் காட்டு தாயி" என்றார்.

அவள் விளங்காமல் நின்றாள். பிறகு விளங்கியது. இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். அவர் அவளை வெளிச்சத்துக்குக் கூட்டிப் போய், வெடித்த விரலால் அவள் உள்ளங்கையை ஒவ்வொரு ரேகையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.